நாவலில் செத்துப்போன அக்கா

1

போன கிழமை ஒரு பின்னேரம் மகள் மதுரா கல்லூரியிலிருந்து வந்து பையைச் சோபாவில் எறிந்துவிட்டு, அதற்குள்ளிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"அம்மா, நீங்கள் குளிக்க வார்த்த ஆள்தானே இது?"

அட்டையில் எல்மர் டாகெட்டின் படம். நான் அவரை அறிவதற்கு இருபது வருடங்களுக்கு முந்தைய முகம். தாடை மட்டும் அப்படியே இருந்தது. அவருடைய முதல் நாவலான 'ஈரத் தோல்' பிரெஞ்சு மொழிபெயர்ப்பில் மகளுக்குப் பாடப்புத்தகமாக வந்திருக்கிறது. பின்னட்டையில் இருந்ததைப் படித்துச் சொல்லச் சொன்னேன். அவள் முதலில் பிரெஞ்சில் ஓடவிட்டாள். தமிழில் சொல் என்றதும் பெருமூச்சு விட்டுவிட்டு, ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடிச் சொன்னாள். அமெரிக்க நாவலாசிரியர். தோல் பதனிடும் தொழிலாளி ஒருவரின் மகன். தன் விருப்பத்தில் மொன்றியலில் ஒதுங்கி வாழ்ந்தவர். கடைசிக் காலத்தில் தனிமை அவருடைய எழுத்தை வற்றச் செய்துவிட்டது.

"தன்ர விருப்பத்தில எண்டா போட்டிருக்கு?"

"ஓம். வொலோந்தேர்."

எனக்கு அன்று சமையல் ஓடவில்லை. ஊரில் இதைப் படிக்கப்போகும் உங்களுக்கு எல்மர் டாகெட் யாரென்று தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் அந்த மனிதரின் கடைசி நாலு வருடங்களில் கிழமைக்கு ஐந்து நாள் நான் அவர் வீட்டில் நின்றிருக்கிறேன். பின்னட்டையின் கடைசி இரண்டு வசனங்களும் பிழையென்று எனக்குத் தெரியும். ஆகையால் எழுதுகிறேன்.

2

நாங்கள் மொன்றியலுக்கு வந்து நாலாவது வருடம் எனக்கு அந்த வேலை கிடைத்தது. முதியவர்களை வீட்டில் சென்று பராமரிக்கும் வேலை. குளிப்பாட்டுவது, சூப் சூடாக்கிக் கொடுப்பது, மருந்து எடுத்துக் கொடுப்பது. ஊரில் நான் கூட்டுறவுச் சங்கக்கடையில் கணக்கெழுதியவள். இங்கே அதைச் சொல்லி என்ன பயன்?

அவர் வீடு வில்லரே என்ற பகுதியில், மூன்றாம் மாடியில். இந்த நகரத்து வீடுகளுக்குப் படிக்கட்டு வெளியே இருக்கும். இரும்புப் படி, பாம்பு சுருண்டதுபோல் வளைந்து ஏறும். மாரியில் அதன்மேல் பனி உறைந்து கண்ணாடியாகிவிடும். எல்மருக்கு இடுப்பு எலும்பு முறிந்து சத்திரசிகிச்சை நடந்திருந்தது. மார்கழி தொடங்கினால் சித்திரை வரை அவர் கீழே இறங்கியதே இல்லை. யன்னலோரம் கதிரையைப் போட்டு, கீழே டிப்பனருக்கு பால் வாங்கப் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். டிப்பனர் என்றால் இங்கே மூலைக்கடை.

அவர் பேசியது ஆங்கிலம்தான். ஆனால் என் காதில் அது எங்கள் தமிழாகத்தான் விழுந்தது. இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

எங்கள் சினேகிதம் ஒரு பிழையான பிரெஞ்சு வசனத்தில் தொடங்கியது. அவரை முதியோர் விடுதிக்கு அனுப்புவதா, வீட்டிலேயே விடுவதா என்று பார்க்க அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தார். கேள்வியெல்லாம் பிரெஞ்சில். இத்தனை வருடம் இந்த நகரத்தில் இருந்த எல்மர் ஒவ்வொரு கேள்விக்கும் "மெர்சி", அதாவது நன்றி, என்றார். வந்த பெண் தான் கொண்டுவந்த கேக்கில் ஒரு துண்டை எனக்கு நீட்டினார். வயிறு நிறைந்திருக்கிறது என்று சொல்ல நினைத்து, "ஜ சுவி ப்ளேன்" என்றேன். அவர் திடுக்கிட்டு என் வயிற்றைப் பார்த்து, வாழ்த்துச் சொன்னார். எல்மர் கதிரையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"நீர் இப்ப சொன்னது, நான் சினைப்பட்ட மாடு எண்டு," என்றார் பிறகு. "முந்தி நான் வேலை செய்த மெத்தைத் தொழிற்சாலையில மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நானும் இதையேதான் சொன்னனான். ஒரு வருஷமா என்னை 'அம்மா' எண்டு கூப்பிட்டாங்கள்."

3

அவர் வாழ்க்கையைத் துண்டு துண்டாகத்தான் சொன்னார். பெரும்பாலும் நான் முதுகு தேய்க்கும்போது.

நியூயோர்க் மாநிலத்தின் வடக்கில் ஒரு சின்ன ஊர். ஊருக்கே ஒரு தொழிற்சாலை. உப்புப் போட்ட மாட்டுத்தோல்கள் ரயிலில் வரும். ஊறவைத்து, சுண்ணாம்பில் போட்டு மயிரைக் கழற்றி, சதையைச் சுரண்டி, சாயமேற்றி அனுப்புவார்கள். எந்தச் சாயம் ஓடுகிறதோ அந்த நிறத்தில் ஆறு ஓடும். அவருடைய அப்பா சதை சுரண்டும் இயந்திரத்தில் நின்றவர். எல்மருக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கும்போது அந்த இயந்திரம் அப்பாவின் வலது கையை மணிக்கட்டோடு எடுத்துவிட்டது. கை போன பிறகு அவரைக் காவற்காரனாக வைத்துக்கொண்டார்கள். அம்மா முன்பே இறந்துபோயிருந்தார். எல்மருக்கு இரண்டு வயது மூத்த அக்கா ஐரீன்தான் அப்பாவுக்குச் சட்டைப் பொத்தான் பூட்டி, இறைச்சி வெட்டிக் கொடுத்து, எல்மரையும் வளர்த்தவர். அப்பாவையும் சேர்த்து வளர்த்தவர் என்றுதான் சொல்லவேண்டும்.

வியட்நாம் போர் நடந்த காலம். எல்மரைப் பட்டாளத்துக்கு எடுத்தார்கள். பயிற்சி முடிந்து, கப்பலேறுமுன் ஊருக்கு லீவில் வந்தார். லீவு முடிந்த அன்று பட்டாள முகாமுக்குப் போகும் பஸ்சில் ஏறாமல், கனடாவுக்கு வரும் மொன்றியல் பஸ்சில் ஏறிவிட்டார். பல வருடங்களுக்குப் பிறகு, பட்டாளத்துக்குப் போக மறுத்து ஓடியவர்களுக்கு மன்னிப்புக் கொடுத்தார்கள். சீருடை போட்ட பிறகு ஓடியவர்களுக்கு அது பொருந்தவில்லை. அவர் பெயரில் பிடியாணை அப்படியே இருந்தது. தன்னைப் போன்ற ஒருவர் வயது போன காலத்தில் எல்லையில் பிடிபட்டதாகக் கேள்விப்பட்டு, அதன் பிறகு தெற்கே போகும் வீதிகளில் காரில் ஏறவே பயந்தாராம்.

மொன்றியலில் மெத்தை தைத்தார். வேலைக்குப் போகுமுன் விடியற்காலையில் குசினி மேசையில் தட்டச்சு இயந்திரத்தை வைத்து எழுதினார். 'ஈரத் தோல்' நியூயோர்க்கில் வெளிவந்து பெயர் வாங்கியது. பரிசு கொடுத்தார்கள், போய் வாங்க முடியவில்லை. அதன்பிறகு மூன்று நாவல்கள். நாலும் அந்த ஒரே ஊரைப் பற்றித்தான். சுண்ணாம்பு தின்ற விரல்கள், அரைநாள் வேலைநிறுத்தம், தோல் மணம் போகாத கல்யாணச் சட்டை.

"இவ்வளவு காலம் மொன்றியலில இருக்கிறீங்கள். இதைப் பற்றி ஒரு பக்கம்கூட எழுதேல்லையே?" என்று கேட்டேன்.

"இங்க எனக்கு ஒருத்தரோடையும் கோவமில்லை, வதனி," என்றார். "கோவமில்லாமல் எனக்கு எழுத வராது."

அவருடைய அக்கா அவரோடு பேசி இருபது வருடத்துக்கு மேலாகியிருந்தது. 'ஈரத் தோல்' வந்த நாளிலிருந்து. அது ஏனென்று அவர் அப்போது சொல்லவில்லை.

4

அது ஊரில் சண்டை நின்றிருந்த காலம். யாழ்ப்பாணத்துக்கான தரைப்பாதை திறந்திருந்தது. மொன்றியலில் தமிழாட்கள் எவரைப் பார்த்தாலும் யாழ்ப்பாணம் போகிறேன், போய்வந்தேன் என்பதுதான் கதை. பனங்கிழங்குப் புளுக்கொடியலும் மிளகாய்த்தூளும் வீட்டுக்கு வீடு வந்தன.

எங்களால் போக முடியவில்லை. அகதியென்று ஏற்றுக்கொண்டுவிட்டார்கள், ஆனால் நிரந்தர வதிவிட அட்டையான காட் வரவில்லை; அது இல்லாமல் வெளியே போனால் திரும்பி வர விடமாட்டார்கள். பாதுகாப்பு விசாரணை நடக்கிறது, காத்திருங்கள் என்பதே எப்போதும் பதில். தொலைபேசியில் ஆங்கிலத்துக்கு இரண்டை அமத்தி, ஒரு பாட்டு முழுக்கக் கேட்டு, கடைசியில் அதே பதிலைக் கேட்டு வைப்பேன். கொக்குவிலில் அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. அக்கா தனியே நின்று பார்த்தாள். நான் கிழமைக்கொருமுறை அக்காவோடு கதைப்பேன். மதுராவைக் கூப்பிட்டுத் தொலைபேசியைக் கொடுத்தால், "பெரியம்மா, சுகமா?" என்றுவிட்டு என் கையிலேயே திருப்பித் தந்துவிடுவாள். அதற்குமேல் அவளிடம் தமிழ் இல்லை.

அப்படி ஒரு சித்திரை மாதத்தில் எல்மருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. நான் சூப் கிண்ணத்தோடு நின்றேன். அவர் "ஓம்" என்றார், வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார், பிறகு "வாறன்" என்றார். வைத்துவிட்டு, "ஐரீன்," என்றார்.

எல்லையில் ஒரு சின்ன ஊர் இருக்கிறது. அங்கே ஒரு நூலகத்தின் நடுவாக எல்லைக்கோடு ஓடுகிறது. தரையில் கறுப்பாகக் கீறியிருக்கிறார்கள். இரண்டு நாட்டுக்காரரும் கடவுச்சீட்டு இல்லாமல் உள்ளே போய்வரலாம். ஐரீன் அங்கே வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் ஒரு சங்கடம். நூலகத்தின் வாசல் இருப்பது அமெரிக்கப் பக்கத்தில். கனடாக்காரர் நடைபாதையால் நடந்து எல்லைக் கல்லைத் தாண்டி, சில அடி தூரம் அமெரிக்க மண்ணில் போய்த்தான் உள்ளே நுழையவேண்டும்.

அன்று பின்னேரம் என் கணவர் பாலனிடம் சொன்னேன். அவர் வெதுப்பகத்தில் வேலை முடிந்து வந்து கைகழுவிக்கொண்டிருந்தார்.

"உமக்கென்ன விசரா? காட் இன்னும் வரேல்லை. நீர் போய் எல்லையில நிண்டு விளையாடப் போறீரோ? ஆராவது பிடிச்சு விசாரிச்சால் கேஸ் முழுக்கக் குழம்பிப் போகும். மதுராவை யோசிச்சனீரோ?"

"அந்த மனிசனால தனிய நடக்க ஏலாதப்பா."

"அவருக்கு வேற ஆளில்லையோ?"

"இல்லை."

இரண்டு நாள் அவர் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பாலனின் அப்பா இறந்தபோது நாங்கள் இங்கே வந்து ஆறு மாதம்தான். அன்று அவர் வெதுப்பகத்துக்குப் போய் இரண்டு வேலைநேரம் தொடர்ந்து நின்றவர். அதைப் பற்றி அவர் ஒருநாளும் பேசியதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை எழும்பிப் பார்த்தால், வெளியே காரின் பின் ஆசனத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கெதியா வெளிக்கிடும். கிழவனைப் படியால இறக்கவே ஒரு மணித்தியாலம் செல்லும்," என்றார்.

5

பனி கரைந்துவிட்டிருந்தது. காரில் எல்மர் சவரம் செய்த கன்னத்தைத் தடவியபடியே வந்தார். அந்த ஊரில் காரை நிறுத்திவிட்டுப் பாலன் ஸ்டியரிங்கை விடவே இல்லை. நான் எல்மர் ஊன்றி நடக்கும் நடைச் சட்டத்தை இறக்கி விரித்துக் கொடுத்தேன். நடைபாதையோரம் ஒரு சின்னக் கல். அவ்வளவுதான் எல்லை. கதவில்லை, கம்பியில்லை. ஆனால் வீதியின் மறுபக்கத்தில் அமெரிக்க எல்லைக் காவற்படையின் வெள்ளை வண்டி ஒன்று நின்றது. உள்ளே ஒருவன் காப்பி குடித்துக்கொண்டு எங்களைப் பார்த்தான்.

கல்லருகே வந்ததும் எல்மர் நின்றுவிட்டார்.

"ஏலாது," என்றார். "திரும்புவம்."

"அக்கா உள்ளுக்கு நிக்கிறா."

"தெரியும். ஏலாது, வதனி."

அப்போது நூலகக் கதவு திறந்தது. உயரமான ஒரு பெண், நரைத்த தலையைக் குட்டையாக வெட்டியிருந்தார், படியிறங்கி நேரே வந்தார். வணக்கமில்லை, கட்டிப்பிடிப்பில்லை. நடைச் சட்டத்தின் முன் பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்தார்.

"வா," என்றார். "இடது காலை வை. இனி மற்றது."

பின்பக்கமாக நடந்தபடி, தம்பியைச் சட்டத்தோடு சேர்த்து இழுத்துக்கொண்டே போனார். எல்மர் தரையைப் பார்த்தபடி போனார். அவருடைய மேலங்கியும் மருந்துப் பையும் என் கையில். நான் கல்லுக்கு இந்தப் பக்கம் நின்றேன். திரும்பிக் காரைப் பார்த்தேன். பாலன் என்னைப் பார்த்தார், தலையை ஆட்டவுமில்லை, மறுக்கவுமில்லை. காவல் வண்டியின் கண்ணாடி இறங்கியது. நான் நடக்கத் தொடங்கினேன். எங்கள் ஊரில் சோதனைச்சாவடிகளைத் தாண்டி நடந்த நடை அது. முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள வேண்டும், வேகமாகவும் நடக்கக்கூடாது, மெதுவாகவும் நடக்கக்கூடாது. தாண்டிவிட்டேன்.

"நல்ல வெயில்," என்றான் வண்டியிலிருந்தவன்.

"ஓம்," என்றேன், தமிழில்.

உள்ளே வாசிப்பறையில் கறுப்புக் கோடு நன்றாகத் தெரிந்தது. கனடாப் பக்கமிருந்த மேசையைத்தான் எல்மர் தேடிப் போய் இருந்தார். நான் அடுத்த மேசையில் ஒரு சஞ்சிகையை விரித்துக்கொண்டேன். அந்த அறையில் எதுவும் காதில் விழாமல் இருக்க வழியில்லை.

"நான் உன்னைப் பாக்க வரேல்லை, எல்," என்றார் ஐரீன். "ஒண்டு கேக்க வந்தனான். என்னை ஏன் சாகடிச்சனி?"

எல்மர் குனிந்து தரைக் கோட்டைப் பார்த்தார்.

"பதினொரு வயசில, அந்த ஆத்தில. சாயத் தண்ணிக்குள்ள. புத்தகம் வந்த நேரம் நான் தொழிற்சாலையில தோல் தரம்பிரிக்கிற மேசையில நிண்டனான். மதியச் சாப்பாட்டு நேரத்தில படிச்சன். என்ர பேரை மட்டும் மாத்தியிருந்தாய். என்ர சிவத்தக் கோட், என்ர தெத்துப்பல், எல்லாம் போட்டிருந்தாய். பேந்து எல்லாரும் படிச்சினம். என்னைச் 'செத்தவள்' எண்டு கூப்பிடத் தொடங்கினாங்கள். பகிடிக்குத்தான். தொழிற்சாலை பூட்டுமட்டும் அந்தப் பேர்தான். அப்பா செத்தண்டும் ஒருத்தன் அப்பிடித்தான் கூப்பிட்டான்."

"ஐரீன்..."

"சொல்லு. ஏன்?"

எல்மர் மேசை விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "நீ உயிரோட இருந்தால் அந்தப் பெடியன் ஊரை விட்டுப் போறான் இல்லை. எழுதிப் பாத்தன். ரெண்டுதரம் முழுசா எழுதிப் பாத்தன். ரெண்டுதரமும் அவன் பஸ்சில ஏறேல்லை. கையில்லாத தகப்பனை அக்காவின்ர தலையில போட்டிட்டு அவனால ஏற முடியேல்லை."

ஐரீன் அவரை நேராகப் பார்த்தார்.

"ஆனா நீ ஏறினனி," என்றார். "நான் உயிரோடதான் இருந்தனான்."

ஒரு குழந்தை வந்து கறுப்புக் கோட்டில் ஒற்றைக்காலில் குதித்து விளையாடியது. எல்மர் கண்ணைத் துடைக்கக்கூடக் கை எடுக்கவில்லை. ஐரீன் தன் பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்து அவருக்கு முன்னால் வைத்தார். பிறகு இடுப்பு இப்போது எப்படியிருக்கிறது என்று கேட்டார். எந்தப் பக்கம் என்று கேட்டார். படி ஏறும்போது எந்தக் காலை முதலில் வைக்கவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். தொழிற்சாலை பூட்டிய பிறகு முதியோர் இல்லமொன்றில் வேலை செய்தவராம். மன்னித்தேன் என்ற சொல்லை அவர் அன்றைக்கும் சொல்லவில்லை, பிறகும் நான் கேட்கவில்லை.

புறப்படும்போது தம்பியின் மேலங்கிப் பொத்தான்களை மேலிருந்து கீழாகப் பூட்டிவிட்டு, "அடுத்த மாசமும் வருவன்," என்றார்.

வந்தார். பனி விழும்வரை மாதாமாதம் வந்தார், அதற்கடுத்த வருடமும். பாலன் ஒவ்வொரு முறையும் முறுமுறுத்துக்கொண்டே காரோட்டினார். மற்ற நாட்களில் இருவரும் தொலைபேசியில் ஊர்ச் சண்டை பிடித்தார்கள். எல்மர் எழுதுவதை விட்டுவிட்டார். தட்டச்சு இயந்திரத்தின் மேல் வெங்காயக் கூடையை வைத்தார். ஏனென்று கேட்டேன். "எழுத வேண்டியதையெல்லாம் இப்ப அவளுக்கே சொல்லிப்போடுறன்," என்றார். தனிமையால் அவர் எழுத்து வற்றியது என்று பின்னட்டையில் எழுதியவருக்கு இது தெரியாது.

6

என் அப்பா அடுத்த ஆண்டு வைகாசியில் இறந்தார். காட் அப்போதும் வரவில்லை. செய்தி வந்த மறுநாள் வேலைக்குப் போனேன், வேறென்ன செய்ய? எல்மர் என்னைத் தன் யன்னலோரக் கதிரையில் இருத்திவிட்டு, ஐரீனுக்கு எடுத்து விஷயத்தைச் சொல்லி, தொலைபேசியை என் கையில் வைத்தார்.

ஐரீன் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "உன்ர அக்காவோட கதைச்சனியோ?" என்று கேட்டார்.

"கதைச்சனான். அப்பா எப்பிடிப் போனவர், ஆர் ஆர் வந்தவை எண்டு எல்லாம் கேட்டனான்."

"அதுகளை எல்லாரும் கேப்பினம். அவள் சாப்பிட்டவளோ, படுத்தவளோ எண்டு கேட்டனியோ? எங்கட அப்பா போனாப் பிறகு ஒருத்தரும் என்னை அதைக் கேக்கேல்லை."

அன்று வீட்டுக்குப் போய் அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். "அக்கா, நீ சாப்பிட்டனியே?" என்றேன். மறுமுனையில் அக்கா அழத் தொடங்கினாள். செத்தவீடு முடியும்வரை அவள் அழவில்லை என்று பக்கத்து வீட்டார் சொல்லியிருந்தார்கள். அப்பாவின் கட்டிலைத் தூக்கி வெளியே போட்டபிறகு அறை பெரிதாகத் தெரிகிறதென்றும், இரவு மருந்து நேரத்துக்குத் தன்பாட்டில் விழிப்பு வருகிறதென்றும் சொல்லிச் சொல்லி அழுதாள். மதுரா வந்து என் பக்கத்தில் இருந்தாள். அவள் தொலைபேசியை வாங்கி, "பெரியம்மா, நான் மதுரா," என்றாள். அதற்குமேல் அவளுக்கு வரவில்லை. ஆனால் உடனே திருப்பித் தரவுமில்லை. காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அதற்கடுத்த வருடம் ஆவணியில் காட் வந்தது. நாலு பேருக்குச் சொல்லி, விமானச் சீட்டு விசாரித்துக்கொண்டிருக்கையில் ஊரில் மறுபடி சண்டை தொடங்கிப் பாதையைப் பூட்டிவிட்டார்கள். அக்கா பூட்டின பாதைக்கு அந்தப் பக்கம். காட்டைப் பணப்பைக்குள் வைத்துக்கொண்டு நான் இந்தப் பக்கம். இன்றுவரை அப்படித்தான்.

அந்த மாரியில் எல்மருக்கு நியுமோனியா வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன மூன்றாம் நாள் போய்விட்டார். கடைசிவரை நினைவு இருந்தது. தாதி பிரெஞ்சில் எதையோ கேட்டதற்கு "மெர்சி" என்றார்.

எரித்த சாம்பலை வாங்க ஐரீன் தன் காரில் மொன்றியலுக்கு வந்தார். அதுதான் அவர் முதலும் கடைசியுமாக இங்கே வந்தது. வில்லரே வீட்டுக்குக் கூட்டிப்போனேன். உறைந்த படிகளில் கம்பியைப் பிடித்துப் பிடித்து மேலே ஏறினார். குசினி மேசையருகே சிறிது நேரம் நின்றார். யன்னலால் கீழே பார்த்தார். "இதுக்குள்ளயே இருந்தவன்?" என்று மட்டும் கேட்டார். நான் ஓம் என்றேன். தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன், குடித்தார். சாம்பல் பெட்டியை முன் ஆசனத்தில் வைத்து, பெல்ட்டை இழுத்துப் பூட்டிவிட்டுப் புறப்பட்டார்.

இருட்டுவதற்குள் தொலைபேசி அடித்தது. எல்லையைத் தாண்டி, முதல் பெற்றோல் கடையில் காரை நிறுத்திவிட்டு எடுத்திருந்தார். பின்னால் லொறிகள் போகும் சத்தம் கேட்டது.

"ஒரு சின்னப் பெடியன்தான் நிண்டவன், வதனி. கனடாவில இருந்து என்ன கொண்டுபோறீங்கள் எண்டு கேட்டான். என்ர தம்பியை எண்டன். பெட்டியைப் பாத்தான். தொப்பியைக் கழட்டினான். போங்கோ அம்மா எண்டான்."

இன்னொரு லொறி கடந்துபோனது.

"பிடியாணையில கிடந்த அந்தப் பேரைக்கூடக் கேக்கேல்லை," என்றார். "அவனுக்குப் பேர்கூடத் தேவைப்படேல்லை."

அவர் அழுது முடியும்வரை நான் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.